லினக்ஸ் தொடக்கமும் நம்பகத்தன்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

1

தொழினுட்பத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி எந்திரம் என்றால் வாட், மின்விளக்கு என்றால் எடிசன் என ஒரு பெயரை ஒரு பொருளோடு முடிச்சுப் போட்டுவிட்டால் வரலாறு எழுதி முடிந்துவிட்டதாகக் கருதும் மனோபாவம் இன்னும் மறைந்துவிடவில்லை. 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில், எந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றிலே, தொழினுட்பத்தின் விமர்சன வரலாறு ஒன்று எழுதப்படுமாயின் 18ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளுள் தனியொருவரின் ஆக்கங்கள் எத்துணை அரியன என்பது புலனாகும் என்று மார்க்ஸ் சுட்டினார். அத்தகைய நூலொன்று அதுவரை இல்லை என்பதையும் அவர் சேர்த்தே குறிப்பிட்டார். அக்குறை இன்று ஓரளவு நீங்கியுள்ளதெனினும், கணினி மென்பொருளைப் பொறுத்தவரை அது பெருமளவு அவ்வாறே உள்ளது எனலாம்.

இக்கட்டுரை அத்தகைய வரலாற்றின் மிகச் சிறியதொரு கூறினை எடுத்துக்கொள்கின்றது. லினக்ஸ் எனும் பணிசெயல் முறைமை, மின்னூட்டப்பட்ட கணத்திலிருந்து முழுமையாக இயங்கத் தொடங்கும் வரையிலான சில வினாடிகளில் நிகழ்வது யாது? அச்சில வினாடிகளை நம்பகமாக ஆக்குவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எவை? அம்முயற்சிகளின் விளைபொருளாகிய ‘இனிட்ராம்எப்எஸ்’ எனப்படும் தொடக்க நினைவகக் கோப்பு முறைமை எத்தகைய முரண்பாட்டின் தீர்வாகத் தோன்றிற்று? இவையே நாம் ஈண்டு எழுப்பும் வினாக்கள்.

இலக்கியத்தையும் சமூகத்தையும் ஆராயும் ஏடொன்றில் இவ்விடயத்துக்கு இடமுண்டா என்று சிலர் கேட்கக்கூடும். 2017 நவம்பர் முதலாக உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. கோடிக்கணக்கானோர் கையிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசியின் உட்கருவும் அதுவே. நவீன வாழ்வின் பௌதிக அடித்தளங்களுள் ஒன்றாகிவிட்ட ஒரு பொருள், யாருடைய உழைப்பால், எவ்வெவ் உறவுகளினூடாக உருவாயிற்று என்பதனைக் கேட்பது பொறியியலாளருக்கு மட்டும் உரிய உரிமையன்று.

2

முதலில் பிரச்சினையின் இயல்பினை விளங்கிக்கொள்வோம். கணினி ஒன்று எதனையும் செய்வதற்கு அதன் நினைவகத்தில் செய்நிரல் ஒன்று இருத்தல் வேண்டும். செய்நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவருவதும் ஒரு செயலே. அச்செயலைச் செய்வதற்கும் செய்நிரல் ஒன்று வேண்டும். வீட்டைப் பூட்டித் திறவுகோலை உள்ளேயே வைத்துவிட்டவனின் நிலை இது. தன் காலணியின் வாரைப் பற்றித் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ள முயல்பவன் பற்றிய மேனாட்டு வழக்கொன்றிலிருந்தே ‘பூட்’ என்ற சொல் கணினித் துறைக்கு வந்தது.

இவ்வட்டத்தை உடைப்பதற்கு ஒவ்வொரு காலகட்டமும் அதனதன் உற்பத்தி நிலைக்கேற்ற வழியொன்றைக் கண்டது. 1952இல் அறிமுகமான ஐ.பி.எம். 701 கணினியில் இதற்கெனவே ஓர் அழுத்துபொத்தான் இருந்தது. அதனை அழுத்தியதும் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ முதற் கட்டளைகள் வாசிக்கப்படும், அவை ஏனையவற்றை அழைத்துக்கொள்ளும். 1975இன் அல்ரெயர் 8800 கணினியை வாங்கியவர் அதன் முகப்பிலுள்ள ஆளிகளைக் கையால் மேலும் கீழும் தள்ளி, தொடக்கச் செய்நிரலைத் தாமே உள்ளிட வேண்டியிருந்தது. பின்னர் அழியா நினைவகச் சில்லுகள் மலிவடைந்தபோது அந்தக் கையுழைப்பு சில்லுக்குள் உறைந்தது. மனித உழைப்பு எந்திரத்துள் படிந்து மறைந்துபோகும் பொதுவான போக்கின் ஓர் எடுத்துக்காட்டாகவே இதனை நோக்கல் வேண்டும்.

ஆனால் சில்லினுள் உறைந்த அறிவு சொற்பமானது. தட்டொன்றின் முதற் பகுதியை வாசித்து, அங்கிருப்பதை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்தல் என்பதற்கப்பால் அது அதிகம் அறியாது. அதன் பின்னர் வருவது கேர்னல் எனப்படும் உட்கரு. கேர்னல் விழித்தெழுந்ததும் அது தேடும் முதற்பொருள் வேர்க் கோப்பு முறைமை. ஏனைய செய்நிரல்கள், அமைவுக் கோப்புகள், பயனரின் ஆவணங்கள் யாவும் அந்த வேரிலிருந்தே கிளைக்கின்றன. வேர் கிட்டாவிடின் கேர்னல் தன் இயலாமையை அறிவிக்கும் வரியொன்றைத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். நம் கட்டுரையின் மையம், கேர்னலுக்கும் வேருக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய வெளியே.

3

1991 ஆகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் பணிசெயல் முறைமை பற்றி முதன்முதலாகப் பகிரங்கமாக அறிவித்தார். அவ்வறிவித்தலில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. தம்மிடம் இருப்பது ஒருவகை வன்தட்டு மட்டுமே, ஆகையால் தமது முறைமை வேறெந்தத் தட்டினையும் ஒருபோதும் ஆதரிக்கப் போவதில்லை என்றே தோன்றுகின்றது என்று அவர் எழுதியிருந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பில், வேர்க் கோப்பு முறைமை எந்தத் தட்டின் எந்தப் பிரிவில் உள்ளது என்பது மூலநிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. இன்னொருவர் தம் கணினியில் அதனை இயக்குவதாயின் மூலநிரலைத் திருத்தி மீண்டும் தொகுத்தல் வேண்டும்.

இதனைக் குறையாகக் கொள்வது வரலாற்றுணர்வற்ற பார்வையாகும். இங்கு உற்பத்தியாளனும் பயனாளியும் ஒருவனே. தன் கைக்கு அளவெடுத்துத் தன் மண்வெட்டிக்குப் பிடி போடும் கமக்காரனின் நிலை அது. பொதுமைப்படுத்தல் என்ற தேவை அங்கு எழவில்லை. எழாத தேவைக்குத் தீர்வும் இருக்க முடியாது.

அடுத்து வந்த பதிப்புகளில், கேர்னல் கோப்பின் தொடக்கப் பகுதியிலுள்ள 508ஆம், 509ஆம் பைற்றுகள் வேரின் இருப்பிடத்தைக் குறிப்பதற்கென ஒதுக்கப்பட்டன. ‘ஆர்டெவ்’ என்ற சிறு செய்நிரலால் மீளத் தொகுக்காமலே அவ்விரு பைற்றுகளையும் மாற்ற முடிந்தது. வேர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய ‘லைலோ’ எனும் ஏற்றி, இத்தகவலைத் தொடக்க வேளையிலேயே கேர்னலுக்குக் கட்டளை வரியாக வழங்கும் வசதியைத் தந்தது. இரண்டு பைற்றுகள் ஒரு வரியாக விரிந்தமை சிறு மாற்றமாகத் தோன்றலாம். எனினும் அதன் உட்பொருள் பெரிது. எங்கிருந்து தொடங்குவது என்ற தீர்மானம் கேர்னலை எழுதியவனின் கையிலிருந்து அதனைப் பயன்படுத்துவோனின் கைக்கு நகரத் தொடங்கிற்று.

1992இல் லினக்ஸ் பொது அனுமதிப்பத்திரத்தின் கீழ் வந்தது. எவரும் பிரதி செய்யலாம், திருத்தலாம், விநியோகிக்கலாம் என்றாயிற்று. 1993இல் ஸ்லக்வெயர், அதே ஆண்டில் டெபியன், அடுத்த ஆண்டில் ரெட் ஹற் என விநியோகத் தொகுப்புகள் தோன்றின. இக்கட்டத்திலேதான் தரமான மாற்றமொன்று நிகழ்கின்றது. கேர்னலை இப்பொழுது ஒருவர் தொகுக்கின்றார். அதனை அவர் ஒருபோதும் காணாத ஆயிரமாயிரம் கணினிகள் இயக்குகின்றன. உற்பத்தியும் நுகர்வும் பிரிந்துவிட்டன. கைவினைப் பட்டறை ஆலையாக மாறும்பொழுது எழும் அதே வினா இங்கும் எழுந்தது: காணாத காலுக்கு எவ்வாறு செருப்புத் தைப்பது?

4

தொடக்கத்தில் கிடைத்த விடை எளிமையானது. பல அளவுகளில் செருப்புகளைத் தைத்து அடுக்கி வைப்பது. ஸ்லக்வெயரின் தொடக்க காலப் பதிப்புகளோடு வெவ்வேறு வன்பொருளுக்கெனத் தொகுக்கப்பட்ட பல தொடக்கப் புளொப்பித் தட்டுகள் வழங்கப்பட்டன. தம் கணினியில் எவ்வகைத் தட்டுக் கட்டுப்படுத்தி உள்ளதென்பதைப் பயனர் அறிந்து, உரியதைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வன்பொருள் வகைகள் பெருகப் பெருக இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. எல்லாச் சாதனங்களுக்கும் உரிய டிரைவர்களை, அதாவது சாதனச் செலுத்திகளை, ஒரே கேர்னலுக்குள் அடைப்பது மாற்று வழியாகப் பட்டது. அவ்வாறு அடைத்தால் கேர்னல் பருத்து 1.44 மெகாபைற் புளொப்பியில் இடங்கொள்ளாது. தனக்குரியதல்லாத சாதனத்தைத் தேடிப் பார்க்கும் செலுத்தி சில வேளைகளில் கணினியையே முடக்கிவிடுவதும் உண்டு.

1990களின் நடுப்பகுதியில் நிலைபெற்ற தனிக்கூறுகள் முறை, செலுத்திகளைக் கேர்னலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்புகளாக வைத்து, வேண்டும்போது மட்டும் சேர்த்துக்கொள்ள வழிசெய்தது. பொதுவான கேர்னல், குறிப்பான கூறுகள் என்ற இப்பாகுபாடு பெரும் முன்னேற்றமே. ஆயின் அது பழைய வட்டத்தைப் புதிய தளத்திலே மீளத் தோற்றுவித்தது. தட்டினை வாசிப்பதற்கான செலுத்தி தனிக்கூறாகத் தட்டிலேயே இருக்கின்றது. அதனை எடுப்பதற்குத் தட்டினை வாசிக்க வேண்டும். திறவுகோல் மீண்டும் பெட்டிக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. ஒரு முரண்பாட்டின் தீர்வு அடுத்த முரண்பாட்டைக் கருக்கொள்கின்றது என்ற இயங்கியல் உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு விடையாகவே ‘இனிட்ஆர்டி’ எனும் தொடக்க நினைவகத் தட்டு வந்தது. 1996ஆம் ஆண்டில் அதற்கான விளக்க ஆவணத்தை எழுதியவர்கள் இருவர். ஒருவர் மேலே குறிப்பிட்ட அல்மெஸ்பெர்கர். மற்றவர், டொஸ் முறைமையிலிருந்து லினக்ஸை ஏற்றும் ‘லோட்லின்’ செய்நிரலை ஆக்கிய ஹான்ஸ் லெர்மென். இருவருமே ஏற்றிகளை எழுதியவர்கள், அதாவது பல்வகைக் கணினிகளின் வாயிலில் நின்று பிரச்சினையை நேரிற் கண்டவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்களது வழி இதுவே: ஏற்றியானது கேர்னலோடு சேர்த்து, சிறியதொரு தட்டின் பிம்பத்தையும் நினைவகத்தில் இறக்கிவிடும். ஏற்றி சில்லிலுள்ள அடிப்படை வசதிகளைக் கொண்டு வாசிப்பதால் லினக்ஸின் செலுத்திகள் அதற்கு வேண்டியதில்லை. கேர்னல் அப்போலித் தட்டினைத் தற்காலிக வேராகக் கொண்டு, அதிலுள்ள ‘லினக்ஸ்ஆர்சி’ என்ற செய்நிரலை இயக்கும். அச்செய்நிரல் உரிய செலுத்திகளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும். அதன் பின்னர் கேர்னல் மெய்யான வேரினை ஏற்றும்.

விநியோகத் தொகுப்பாளர் ஒரே பொதுக் கேர்னலை எல்லோருக்கும் அனுப்பலாம், ஒவ்வொரு கணினியிலும் அதற்கேற்ற சிறு தட்டுப் பிம்பம் உருவாக்கப்படும். பொதுமைக்கும் குறிப்புக்கும் இடையே ஓர் இடைநிலை வடிவம் பிறந்தது.

5

இடைநிலை வடிவங்கள் தம் பழைய தோற்றத்தின் சுமையையும் சுமந்து வருவனவாகும். நினைவகத் தட்டு, பெயருக்கேற்பத் தட்டாகவே நடித்தது. அதன் அளவு நிலையானது. நிரம்பினால் வளராது, வெறுமையாய் இருந்தாலும் இடத்தை விடாது. தட்டென்பதால் அதற்கொரு கோப்பு முறைமை வேண்டும், அதனை வாசிக்கும் செலுத்தியைக் கேர்னலுக்குள் நிலையாக வைத்திருக்கவும் வேண்டும். நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே பிரதி செய்யும் வீண்வேலையும் நடந்தது. இவை யாவற்றிலும் முக்கியமாக, தீர்மானத்தின் கடிவாளம் இன்னும் கேர்னலிடமே இருந்தது. லினக்ஸ்ஆர்சி அழைக்கப்பட்டு, ஏவிய பணியைச் செய்து, திரும்பிவிடும் ஏவலாளாகவே கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் வேரினை மாற்றும் புதிய கேர்னல் அழைப்பொன்று சேர்க்கப்பட்டு இந்நிலை ஓரளவு தளர்ந்தது எனினும் அடிப்படை மாறவில்லை.

அடிப்படை மாற்றம் 2002இல் நிகழ்ந்தது. அலெக்சாண்டர் வைரோ, எச். பீற்றர் அன்வின் ஆகியோர் வகுத்த புதிய வடிவம் அவ்வாண்டு நவம்பரில் 2.5.46 எனும் வளர்ச்சிநிலைப் பதிப்பிற் சேர்ந்தது. 2003 டிசெம்பரில் 2.6 பதிப்போடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவே இனிட்ராம்எப்எஸ். போலித் தட்டு அறவே நீக்கப்பட்டது. தட்டிலிருந்து வாசித்த கோப்புகளை விரைவு கருதி நினைவகத்திற் பேணும் ஏற்பாடு கேர்னலில் ஏற்கெனவே இருந்தது. தட்டினை நீக்கிவிட்டு அந்நினைவகத்தையே கோப்பு முறைமையாகக் கொள்ளும் ‘ராம்எப்எஸ்’ஸை ரோர்வால்ட்ஸ் முன்னரே எழுதியிருந்தார். வைக்கும் அளவுக்கு விரிந்து, எடுக்கும் அளவுக்குச் சுருங்கும் அதன்மேல், கோப்புகளின் பொதி ஒன்று அவிழ்க்கப்படுகின்றது. பொதியின் வடிவம் ‘சீபீஐஓ’. 1970களில் யுனிக்ஸ் மரபிலே தோன்றிய பழைய வடிவம். வாசிப்பதற்கு மிக எளிமையானது என்பதே தெரிவுக்கான காரணம். புதியதோர் அமைப்புக்குப் பழைய செங்கல் பொருந்திற்று.

2.6 முதலாக ஒவ்வொரு லினக்ஸ் கேர்னலின் உள்ளேயும் இத்தகைய பொதியொன்று இருக்கின்றது. எவரும் எதனையும் வைக்காதவிடத்து அது வெறும் பொதி. எக்ஸ்86 கணினிகளில் அதன் அளவு 134 பைற்றுகள் என்று றொப் லான்ட்லி 2005இல் எழுதிய கேர்னல் ஆவணம் கூறும். பொதியில் ‘இனிட்’ எனும் செய்நிரல் இருப்பின், கேர்னல் அதனைத் தன் முதலாவது செய்முறையாக, ஒன்று என்ற இலக்கத்தோடு இயக்கித் தன் தொடக்கப் பணியை முடித்துக்கொள்ளும். அச்செய்நிரல் திரும்பி வருமென்று கேர்னல் எதிர்பார்ப்பதில்லை. வேரினைத் தேடுவது, ஏற்றுவது, அதன்மேல் முறைமையை எழுப்புவது யாவும் இனி அதன் பொறுப்பு. ஏவலாள் அதிகாரியாயிற்று என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

இரு நுண்விடயங்கள் இவ்விடத்திற் கவனிக்கத்தக்கன. ஒன்று, மெய்யான வேர் கிட்டியதும், இனிட்ராம்எப்எஸ் தன் கோப்புகளையெல்லாம் தானே அழித்து நினைவகத்தை விடுவித்து, புதிய வேரினைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, கட்டுப்பாட்டை அங்குள்ள இனிட்டிடம் ஒப்படைக்கின்றது. தன் தேவை தீர்ந்ததும் தன்னைத் தானே இல்லாதொழித்துக்கொள்ளும் இடைக்கால அமைப்பு இது. மற்றையது, அவ்வாறு அழிந்த பின்னரும் அதற்கு அடியிலிருந்த ‘ரூட்எப்எஸ்’ எனும் வெற்று வேரினைக் கழற்றிவிட முடியாது. கணினி அணையும்வரை அது எல்லாவற்றுக்கும் கீழே வெறுமையாய்த் தங்கியிருக்கும். கட்டடம் எழுந்தபின் சாரத்தைக் கழற்றலாம், நிலத்தைக் கழற்ற முடியாது.

6

இவ்வடிவம் நம்பகத்தன்மையை எவ்வாறு உயர்த்திற்று என்பதே நமது மைய வினா. கேர்னல் தானே வேரினைத் தேடிய காலத்தில் அதற்குத் தெரிந்தவை மிகச் சில. குறித்த இடத்தில் பார்த்தது, இல்லையேல் நின்றது. இனிட்ராம்எப்எஸ்ஸில் உள்ளதோ சாதாரணச் செய்நிரல்; பெரும்பாலும் எவரும் திறந்து வாசிக்கக்கூடிய கட்டளைக் கோவை. அதனால் கேர்னல் செய்ய மாட்டாத நான்கு காரியங்களைச் செய்ய முடிந்தது.

முதலாவது, காத்திருத்தல். யூ.எஸ்.பி. வழி இணைந்த தட்டோ வலையமைப்பிலுள்ள தட்டோ கேர்னல் விழித்த கணத்திலேயே ஆயத்தமாய் இருப்பதில்லை. தொடக்கச் செய்நிரல் அது வரும்வரை பார்த்திருக்கும்.

இரண்டாவது, பெயரையன்றி ஆளை அறிதல். 2007ஆம் ஆண்டளவில் விநியோகத் தொகுப்புகள் புதிய செலுத்திகளுக்கு மாறியபொழுது, ‘எச்டிஏ’ என்றிருந்த தட்டுகள் ‘எஸ்டிஏ’ என்று பெயர் மாறின. பழைய பெயரை நம்பியிருந்த கணினிகள் தொடங்க மறுத்தன. இரு தட்டுகள் இணைக்கப்பட்டிருப்பின் எது முந்தி எழுகின்றதோ அது முதற்பெயரைப் பெறும். இதற்குத் தீர்வாக, ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் அதன் உள்ளேயே பொறிக்கப்பட்ட 128 பிற் அடையாள எண்ணைக் கொண்டு வேரினை இனங்காணும் முறை பரவிற்று. கோப்பு முறைமையின் அவ்வெண்ணைக் கொண்டு கேர்னல் தானாக வேரினைத் தேடாது. தட்டுகளைத் திறந்து பார்த்து எண்ணை ஒப்பிடும் பணி இனிட்ராம்எப்எஸ்ஸினுடையது. வேர் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், பல தட்டுகளை ஒன்றிணைத்த வரிசையிற் பரந்திருந்தாலும், அவற்றைக் கூட்டித் திறப்பதும் அதுவே.

மூன்றாவது, ஏறுமுன் சோதித்தல். வேரின்மேல் நின்றுகொண்டு வேரினைப் பழுது பார்ப்பது இடர் மிக்கது. அமர்ந்திருக்கும் கொப்பை அரிவது போன்றது அது. இனிட்ராம்எப்எஸ் வேறொரு தளத்தில் நிற்பதால், வேரினை ஏற்றுமுன்னரே அதன் ஒழுங்கினைச் சோதித்துத் திருத்த இயலும். பாதிக்கப்பட்டிருப்பின் மாற்றாக வைத்துள்ள இரண்டாவது வேரினை நாடும் அமைப்புகளும் இதன்வழி சாத்தியமாயின.

நான்காவதும் நம் நோக்கில் தலையாயதும், மனிதனை அழைத்தல். டெபியன் வழிவந்த முறைமைகளில் வேர் கிட்டாவிடின் கணினி செயலற்று நிற்பதில்லை. கட்டளை ஏற்கும் சிறு இடமொன்றைத் திறந்து, கேர்னலுக்குத் தரப்பட்ட கட்டளை வரியைப் பார்க்கவும், காத்திருந்த நேரம் போதுமா என்று ஆராயவும், செலுத்தி எதுவும் விடுபட்டதா என்று தேடவும் வழிகூறும். அங்கு கைக்கெட்டும் கருவிகளைத் தருவது ‘பிசிபொக்ஸ்’ எனும் சிறு செய்நிரற் தொகுதி. 1990களின் நடுப்பகுதியில் டெபியனின் நிறுவும் புளொப்பி ஒன்றினுள் எல்லாவற்றையும் அடக்குவதற்கெனப் புரூஸ் பெரென்ஸ் எழுதியது அது. வறுமையின் தேவைக்குப் பிறந்த கருவி, பிற்காலத்தில் ஆபத்துக்கு உதவும் கருவியாயிற்று.

ஆகவே நம்பகத்தன்மை என்பது பிழையே நேராமை அன்று. பிழை நேருமிடத்து நின்று திருத்துவதற்கு ஓர் இடம் இருத்தலே நம்பகத்தன்மை. இனிட்ராம்எப்எஸ்ஸின் வரலாற்றுப் பங்களிப்பை இவ்வொரு வாக்கியத்திற் சுருக்கிவிடலாம்.

7

ஆயினும் கதை இங்கு முடிந்துவிடவில்லை. இப்பொதியை ஆக்குவதற்கெனச் செய்நிரல்கள் தேவைப்பட்டன. டெபியன் ஒன்றினை ஆக்கிற்று, ஆர்ச் மற்றொன்றினை. 2009இல் பெடோரா 12உடன் ‘டிராகட்’ அறிமுகமாயிற்று. பொதி தானே நம்பகத்தன்மையின் கருவியாயிருக்க, அதனை ஆக்கும் முறை புதிய தவறுகளின் ஊற்றுமாயிற்று. புதிய கேர்னல் நிறுவப்பட்டும் பொதி புதுப்பிக்கப்படாவிடின் செலுத்திகள் கேர்னலோடு பொருந்தா. தொடக்கப் பிரிவில் பழைய கேர்னல்கள் குவிந்து இடம் நிரம்பிவிடின் பொதி அரைகுறையாய் எழுதப்படும். இத்தகைய பிழைகள் அன்று வெளித்தெரியா. அடுத்த தொடக்கத்தின்போதே, சில வேளை மாதங்கள் கழித்தே, தலைகாட்டும்.

பொதுமைக்கும் குறிப்புக்கும் இடையிலான பழைய முரண்பாடும் புதிய உருவில் மீண்டது. பொதியில் எல்லாச் செலுத்திகளையும் வைப்பதா, இக்கணினிக்கு வேண்டியவற்றை மட்டும் வைப்பதா? முன்னது பருமனானது, ஆயின் தட்டினைக் கழற்றி வேறு கணினியிற் பூட்டினாலும் எழும். பின்னது சிறியது, விரைவானது. வன்பொருள் மாறினால் தடுமாறும். 2013ஆம் ஆண்டளவில் பெடோரா கண்ட வழி இரண்டையும் இணைத்தது. அன்றாடப் பயனுக்கு இக்கணினிக்கென அளவெடுத்த பொதி, ஆபத்துக்கு எல்லாம் அடங்கிய மீட்புப் பொதி. பழைய கேர்னலையும் அதன் பொதியையும் அழிக்காது ஒன்றேனும் வைத்திருத்தல் என்ற அனுபவ ஞானம் இவ்வாறு முறைமையின் விதியாயிற்று.

இன்று எழுந்துள்ள விவாதம் இதனினும் ஆழமானது. 2012இல் விண்டோஸ் 8 கணினிகளோடு பரவிய ‘செக்கியூர் பூட்’ எனும் பாதுகாப்புத் தொடக்க முறை, கையொப்பமிடப்பட்ட செய்நிரல்களை மட்டுமே தொடங்க அனுமதிக்கின்றது. கேர்னல் விநியோகத் தொகுப்பாளரால் கையொப்பமிடப்படுகின்றது. பயனரின் கணினியில் ஆக்கப்படும் பொதிக்கோ கையொப்பம் இல்லை. தட்டினைத் தொடக்கூடிய எவரும் அதனுள் தம் செய்நிரலைச் செருகி, மறையாக்கத்தின் கடவுச்சொல்லைக் களவாட முடியும். இவ்வோட்டையை அடைக்கும் பொருட்டு, கேர்னலையும் பொதியையும் கட்டளை வரியையும் ஒரே கோப்பாக்கி, தொகுப்பாளரே கையொப்பமிட்டு அனுப்பும் ஒன்றிணைந்த கேர்னல் பிம்பம் எனும் முறை முன்வைக்கப்படுகின்றது. 2023இன் பெடோரா 38இல் இதற்கான முதற்கட்டப் பணிகள் இடம்பெற்றன.

இம்முறையின் நியாயங்களை நாம் மறுக்கவில்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே பிம்பம் இயங்குமாயின் ஒரு தடவை சோதித்தது எங்கும் செல்லும். பாதுகாப்பும் உண்மையானதே. ஆனால் 1991 முதல் நாம் கண்டுவந்த நகர்வினை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். தொடக்கம் பற்றிய தீர்மானம் மூலநிரலிலிருந்து இரு பைற்றுகளுக்கும், அங்கிருந்து கட்டளை வரிக்கும், பின்னர் எவரும் திறந்து திருத்தக்கூடிய பொதிக்கும் இறங்கி வந்தது. ஒன்றிணைந்த பிம்பம் அதனை மீண்டும் மேலே கொண்டுசெல்லக்கூடும். தனியாள் கணினிகள் பலவற்றில் உரிமையாளர் தம் சொந்தத் திறவுகோலைப் பதிந்து தாமே கையொப்பமிட இயலும். அவ்வழி திறந்திருக்கும்வரை இது பாதுகாப்பின் முன்னேற்றமே. அவ்வழி அடைபடுமாயின், நம்பகத்தன்மை என்ற சொல்லின் பொருள் மாறிவிடும். திருத்துவதற்கு இடமுண்டு என்ற பொருள் போய், திருத்துவதற்கு எவரும் அனுமதிக்கப்படார் என்ற பொருள் அவ்விடத்தைப் பிடிக்கும்.

8

முடிவாகச் சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். இனிட்ராம்எப்எஸ் ஒருவர் மூளையில் ஒரு நாளிற் பளிச்சிட்டதன்று. ஏற்றிகளை எழுதியோர், விநியோகத் தொகுப்பாளர், கோப்பு முறைமை வல்லுநர், இடமற்ற புளொப்பியோடு மல்லாடியோர், தொடங்க மறுத்த கணினியின் முன்னிருந்து பிழையை அறிவித்த பெயரறியாப் பயனர் எனப் பலரது உழைப்பின் திரட்சி அது. ஒருவன் தன் கணினிக்கென எழுதியது எல்லோருக்கும் பொதுவாகியபோது எழுந்த முரண்பாடே அதனைத் தோற்றுவித்தது. கேர்னலை மேலும் அறிவுள்ளதாக ஆக்கி அம்முரண்பாட்டைத் தீர்க்க முடியவில்லை. கேர்னலின் பொறுப்பைக் குறைத்து, தீர்மானத்தைச் சாதாரணச் செய்நிரலின் கையில், அதன்வழி சாதாரண மனிதரின் கையில் வைத்தபோதே தீர்வு கிட்டிற்று.

முதற் கோணல் முற்றுங் கோணல் என்பது நம் பழமொழி. முதலிற் கோணல் நேர்வதைத் தடுப்பது எப்போதும் இயலுவதன்று. அக்கோணல் முற்றுமுன் கைகொடுப்பதற்கு நிற்க ஓரிடமும், எடுக்கச் சில கருவிகளும், அவற்றைக் கையாளும் உரிமையும் அறிவும் வேண்டும். இடத்தையும் கருவிகளையும் பொறியியலாளர் ஆக்கித் தந்துள்ளனர். அறிவினைப் பரவலாக்கலும் உரிமையினைப் பேணலும் அவர்களுக்கு மட்டும் விடப்படக்கூடிய பணிகள் அல்ல. தொழினுட்பத்தின் விமர்சன வரலாற்றை நம் மொழியில் எழுதுவதன் தேவையும் இதனின்றே எழுகின்றது.